லெட்சுமிக்கு வருத்தம் இல்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வைத்தியத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இவ்வளவு நாளும் இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் இடம் பிடிக்கிற சண்டையையும் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் பற்றித்தான் எழுதினேன். நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். ஆனால் போன கிழமை கண்டதை எழுதாமல் விட்டால் இனி வேறெதுவும் எழுத வராது போலிருக்கிறது...

மானிப்பாயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூடம் இப்போது அகதி முகாம். கலவரத்துக்குத் தப்பித் தெற்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சனங்கள் வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஊரார் சமைத்துக் கொடுக்கிறோம். நான் மரக்கறி வெட்டுகிற பக்கம். அங்கே அதிகம் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது வசதி.

புதன்கிழமை காலை ஒரு டொக்டர் தன்னுடைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் புத்தம்புது ஸ்டெதஸ்கோப். அடுப்படிக்குப் பொறுப்பான கனகம்மா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மீசை முளைக்காத டொக்டர்மார் வந்திருக்கினம், வருத்தங்கள் எல்லாம் பயந்து ஓடப்போகுது என்றார்.

டொக்டர் அவர்களை விறாந்தையில் நிறுத்தி வைத்துக் கதைத்தார். நான் பூசணிக்காயோடு நின்று கேட்டேன். எந்த நாட்டு அகதி முகாமை எடுத்தாலும் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோவது பெரிய பெரிய நோய்கள் அல்லவாம் — வயிற்றோட்டமாம். காலையில் சிரித்த பிள்ளை பின்னேரம் இருக்காதாம். வங்காளப் பக்கம் சனங்கள் எல்லை தாண்டி ஓடி வந்தபோது ஊசியும் சேலைனும் முடிந்துபோய், சீனியும் உப்பும் கரைத்த தண்ணீரை வாயால் கொடுத்தே எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார்களாம். சீனியும் உப்புமா? அது எங்கள் அடுப்படியிலும் இருக்கிறதே!

பாய் பாயாகப் போய் விசாரியுங்கள் என்று அனுப்பினார். கடைசி வகுப்பறைக்குப் போனவள் சாந்தினி. வல்வெட்டித்துறைப் பிள்ளை, மெலிந்த உருவம். அங்கே மூலையில் லெட்சுமி இருந்தாள். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கலவரத்தில் ஆளுக்கொரு பக்கமாகி, அவன் அடுத்த கப்பலில் வருவான் என்று யாரோ சொல்ல, இவள் கைப்பிள்ளையோடு வந்துவிட்டாள். பிள்ளை சேலைத் தலைப்புக்குள் கிடந்தது.

"வருத்தம் ஏதும் இருக்கோ, அம்மா?" என்று சாந்தினி கேட்டாள்.

"வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் பாத்துக்கிறீங்க."

சாந்தினி சிரித்துவிட்டு அடுத்த பாய்க்குப் போனாள்.

மத்தியானம் சோறு கொடுக்கும்போதும் சாந்தினிதான் உதவிக்கு வந்தாள். லெட்சுமியின் சோற்றுக் கோப்பையில் பருப்பை ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது — சத்தம் மெல்லியதாக, கண் உள்ளே போய், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். வாளியை என் கையில் தந்துவிட்டுக் கீழே குந்தினாள். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் அப்படித்தானாம்.

கடைசியாய் எப்போது ஒன்றுக்குப் போனவன் என்று கேட்டாள். நேற்றுச் சாயங்காலமாம். அதன் பிறகு வயிற்றாலே போவது மட்டும்தானாம்.

"ஏன் அம்மா சொல்லேல்லை? வருத்தம் இல்லை எண்டு சொன்னனீங்களே."

லெட்சுமி பயந்துபோய் அவளைப் பார்த்தாள். "வருத்தமான்னுதானே கேட்டீங்க? எடம் குடுத்து சோறு போட்டவங்க மேல எங்களுக்கு என்ன வருத்தம் இருக்கப் போவுது?"

நமக்கு வருத்தம் என்றால் நோய்: காய்ச்சல், தடிமன், நாரி நோவு. அவளுடைய ஊரில் வருத்தம் என்றால் மனக்குறை. ஒரே மொழி, ஒரே இனம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே... அன்றைக்கு ஒரு தமிழுக்கும் இன்னொரு தமிழுக்கும் நடுவில் ஒரு பிள்ளை விழப் பார்த்தது.

சாந்தினியின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் அழவில்லை. உங்கடை ஊரிலை எப்படிக் கேட்பது, எங்களுக்குச் சொல்லித் தாருங்கள் என்றாள். 'ஒடம்புக்கு முடியலையா' என்று கேட்கச் சொன்னாள் லெட்சுமி. அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அதைப் பாடம் பண்ணிக்கொண்டு முதல் பாயிலிருந்து மறுபடியும் புறப்பட்டன. எங்கள் ஊர்ப் பொடியளின் வாயில் அது 'உடம்புக்கு முடியேல்லையோ' என்று வர, சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே சேலைக்குள் முடியாமல் கிடந்த பிள்ளைகளைக் காட்டியது.

சாந்தினி அடுப்படிக்கு ஓடி வந்து கொதித்தாறின தண்ணீர் கேட்டாள். சீனி போட்டு, உப்புப் போட்டு, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். எனக்கும் தந்தாள். கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாதாம். அதுதானாம் அளவு.

கனகம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியாய்ப் போற பிள்ளைக்கு மேலையும் தண்ணியோ? ஊசி போடப் பழகேல்லைப் போலை."

"ஓம் அன்ரி, இன்னும் வடிவாய்ப் பழகேல்லைத்தான். ஆனால் போறது தண்ணியெண்டால் குடுக்கிறதும் தண்ணிதானே?"

பிறகு நடந்தது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு குமர்ப்பிள்ளை நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பிள்ளை சத்தி எடுத்தது, அவளுடைய வெள்ளைக் கோட்டிலேயே. துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு கரண்டி. மறுபடியும். புருஷன் வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று லெட்சுமி புலம்பினாள்.  சாந்தினியின் கரண்டி நிற்கவில்லை.

நான் கத்தரிக்காயை வெட்டாமல் வகுப்பறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலில்கூட நான் இப்படி நின்றதில்லை.

பொழுது சாயும்போது டொக்டர் வந்தார். ஊரடங்கு தொடங்குவதற்குள் பிள்ளை தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வாசலில் காரை நிறுத்தி வைத்திருந்தார். அந்த நேரம் சாந்தினி வெறுமையான தண்ணீர்க் கோப்பையை நிரப்புவதற்காக எடுத்தாள். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. கையை நீட்டி வீறிட்டு அழுதான்.

"சேர்," என்றாள் சாந்தினி மெதுவாக. "கண்ணீர் வருது."

டொக்டர் குனிந்து வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது சட்டென்று தன்னிடத்துக்குப் போனது. காரைப் போகச் சொன்னார். விடிய விடியக் கொடுக்க வேண்டும் என்றார். லெட்சுமி கையை நீட்டிக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

தன் பிள்ளை அழுவதைப் பார்த்து அப்படிச் சிரித்த தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் காலை பிள்ளை ஒன்றுக்குப் போய்ப் பாயை நனைத்திருந்தான். பாயைக் கழுவிக் கிணற்றடி வேலியில் காயப்போட்டேன்.