ஊசி போட்ட கோடு

ஊசியக்காவின் சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஹார்மோன் ஊசி போட்டுச் சம்பாதித்த பெயர் இது. காலையில் குழந்தை வேண்டும் என்று வருகிறவர்கள்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இப்போதைக்கு வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அறை, ஒரே நாற்காலி.

"காலையில கதவைத் தொறந்து விடுறேன், மத்தியானம் தாழ்ப்பாள் போடுறேன். வாட்ச்மேன் உத்தியோகம்தானே நம்மளது!" என்பாள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை அப்படியே குத்தினால் வயிறு சுள்ளென்று வலிக்கும். அதனால் குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சில நிமிஷம் பேசுவாள். கருமுட்டையை வெளியே வரவைக்கும் கடைசி ஊசி என்றால், அந்த நேரத்தில் ஒரு பாடம் நிச்சயம் உண்டு. அந்த ஊசியில் இருப்பதும் கர்ப்பிணியின் உடம்பில் சுரப்பதும் ஒரே ஹார்மோன்தான். பத்துப் பன்னிரண்டு நாள் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் வீட்டில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்தால், வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டாலும் இரண்டு கோடு காட்டிவிடும். ஆகவே பதினாறாம் நாள் இங்கே வந்து ரத்தம் கொடுக்கும்வரை கிட் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

தையல்காரிக்கு மட்டும் இந்தப் பாடம் கிடைக்காமல் போனது. அவள் நான்கு வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருப்பவள். அவளுக்கு அந்தக் கடைசி ஊசி போட்ட அன்று, புதிதாகச் சேர்ந்த நர்ஸ், அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று குப்பியை முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்திருந்தாள். ஊசியக்கா எடுத்தபோது கையில் சில்லிப்பு தெரியவில்லை. பொத்தி வைக்க வேலையில்லாததால் பேச்சும் எழவில்லை. ஊசியைப் போட்டோமா, அனுப்பினோமா என்று முடிந்துவிட்டது.

ஏழாம் நாள் காலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவன், கையில் இனிப்புப் பெட்டியோடு படியேறி ஓடிவந்தான். தையல்காரியின் புருஷன்.

"அக்கா, ரெண்டு கோடு! நேத்தும் பாத்தோம், இன்னைக்கும் பாத்தோம்!"

பின்னாலேயே தையல்காரி, வாயெல்லாம் பல்லாக.

அந்தக் குப்பியும் தான் வாய் திறக்காததும் ஊசியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தன. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், தங்கி நிற்கவில்லை போலிருக்கிறது என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். தன் தலை தப்பும். ஆனால் இந்தப் பெண், வந்த பிள்ளையைத் தன் உடம்பு தாங்கவில்லை என்று ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்வாள். அதை நினைத்தால் பொறுக்கவில்லை.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"கண்ணு, உண்டாகியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா இப்போ நீ பாத்த கோடு, நான் போட்ட ஊசியோடது. முன்னாடியே உனக்குச் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன். தப்பு என்னோடது."

மெக்கானிக்குக்கு முகம் செத்துவிட்டது. "எங்கம்மாகிட்ட சொல்லிட்டேனே அக்கா..." என்றான். தையல்காரி எழுந்து போய்விட்டாள். இனிப்புப் பெட்டி மேஜைமேலேயே கிடந்தது.

பதினாறாம் நாள் வருவாளோ மாட்டாளோ என்று ஊசியக்கா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள், தனியாக. வேறு நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று ஊசியக்கா கேட்டதற்கு, கையை நீட்டினாள். மத்தியானத்துக்குள் முடிவு வந்தது. ஒன்றுமில்லை.

தையல்காரி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு நாள் நான் அம்மாவா இருந்தேன் அக்கா. துணி வெட்டும்போதுகூட வயித்துல இடிச்சிடக் கூடாதுன்னு தள்ளி நின்னு வெட்டுனேன். அதைக் குடுத்ததும் நீங்கதான், பிடுங்குனதும் நீங்கதான். உங்களைத் திட்டறதா, கும்பிடறதான்னே தெரியல."

"கும்பிடெல்லாம் வேணாம். திட்டு" என்று ஊசியக்கா கதவைச் சாத்தினாள்.

தையல்காரி திட்டினாள். முதலில் ஊசியக்காவை. அப்புறம், விசேஷம் ஏதாவது உண்டா என்று நான்கு வருஷமாகக் கேட்டவர்களை ஒவ்வொருவராக. மாமியாரை, எதிர்வீட்டுக்காரியை, கடைசியில் தன் வயிற்றை. ஊசியக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைத் திட்டியபோது மட்டும் அவள் வாயைப் பொத்தினாள்.

"அதை ஒண்ணும் சொல்லாத. அது ஒரு தப்பும் பண்ணல."

அப்போதுதான் தையல்காரிக்கு அழுகை வந்தது. தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். ஊசியக்காவும் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவை எப்ப வரணும்?" என்று கேட்டாள் தையல்காரி.