நாற்காலியில் ஒரு சட்டை

மேடைப் பேச்சைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு பேச்சைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில்தான் சென்ற மாசியில் ஜலகண்டாபுரம் போனேன். அங்கே நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அன்று மாலைப் பொதுக்கூட்டத்தில், நிறுத்தத்தைத் தொடர்வதா என்று கை தூக்கி முடிவு செய்வதாக இருந்தது.

அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினால் ஓமலூரில் பஸ் மாற வேண்டும். மொத்தம் இரண்டு ரூபாய் எண்பது காசு. காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம். ஓமலூரில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூட்டத்துக்குங்களா அம்மணி?"

"ஆமாங்க அக்கா. நீங்க?"

"எம் ஊட்டுக்காரரு சட்டைய வாங்கியாறப் போறேனுங்க."

அவர் பெயர் ராசம்மா. தறி நெய்த கணவர், நிறுத்தம் தொடங்கிய மாதமே காய்ச்சலில் இறந்துவிட்டாராம். மேடையில் வைப்பதற்கென்று சங்கத்தார் அவர் சட்டையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

"மத்ததெல்லாம் குடுத்தாச்சுங்க. அதொண்ணுதான் மிச்சம். சட்டக் கையில செவப்பு சாயம் பட்டிருக்கும். எத்தன தேச்சாலும் போகமாட்டேங்குதேன்னா, 'நானும் அப்பிடித்தான், போகமாட்டேன்'னு கேலி பண்ணுவாரு." சிரித்தார். "படிச்சவங்க நீங்க கூட நின்னு கேட்டா குடுத்துருவாங்கல்ல?"

நிற்கிறேன் என்றேன்.

மேடையில் ஐந்து நாற்காலிகள். நடு நாற்காலியில் ஆள் இல்லை. அதன் முதுகில் வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தது. எதிரே மற்றவர்களுக்கு வைத்ததுபோலவே ஒரு டம்ளர் தண்ணீர்.

பேச்சாளர் மெலிந்தவர். கூலிக் கணக்கைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியிடம் போய், சட்டைக் கையை இரண்டு விரலால் எடுத்து, கறை தெரிய டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

எனக்குப் பின்னால் யாரோ "ரத்தம்" என்றார்கள். அந்தச் சொல் வரிசை வரிசையாக நகர்ந்தது.

பிறகு அவர் குனிந்து, ஒருவர் வாய் இருக்கக்கூடிய உயரத்தில் காதை வைத்தார். கேட்டார். தலையசைத்தார்.

"'என்னை உட்டுட்டுப் போயிருவாங்களா'ன்னு கேக்கறாரு. நீங்களே பதில் சொல்லுங்க."

ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. காற்று வந்தது. சட்டையின் கை எழுந்தது. உடனே எல்லாக் கைகளும் எழுந்தன. ராசம்மாவின் கையும்தான். என்னுடையதும் மேலே இருந்ததைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன்.

கூட்டம் கலைந்ததும், "வாங்க அக்கா, கேட்டுரலாம்" என்றேன். அவர் நகரவில்லை.

"உக்காந்திருக்காருங்க அம்மணி. எப்பிடி உருவிட்டு வாரது?"

"அது சாயக்கறைன்னு சொன்னீங்களே?"

"நானா சொன்னேன்?" யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவர்கள் கேட்ட கூலி நியாயமானது. பேச்சாளர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டையும் பலமுறை யோசித்துவிட்டேன், பயம் போகவில்லை. இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகிறவர்கள் மேடைக்கு நேரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். பேச்சாளரின் கையைப் பாருங்கள், அது காட்டும் இடத்தையல்ல. ஏழே காலுக்கு ஓமலூர் பஸ் உண்டு, இடமும் கிடைக்கும்.

அந்த பஸ்ஸில்தான் திரும்பினோம். தாரமங்கலம் தாண்டியதும் சங்கத்து வேன் எங்களை முந்தியது. பின்பக்கம் நாற்காலியை நிமிர்த்தி வைத்துக் கட்டியிருந்தார்கள். சட்டையின் கை காற்றில் ஆடியது. ராசம்மா ஜன்னல் வழியே கையை நீட்டி, வேன் மறையும்வரை ஆட்டினார்.

என் கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.