ஊரெல்லாம் தெரிந்த பெயர்

என் அப்பாவின் பெயர் பாண்டி. எங்கள் குலசாமியின் பெயர் அது. பிறந்த பிள்ளை தங்க வேண்டும் என்று சாமி காலடியில் கிடத்தி வைத்த பெயர். அந்தப் பெயரைத்தான் திருவனந்தபுரத்தில் சிலர், தமிழ் பேசுகிறவனை மட்டமாகக் கூப்பிட வைத்திருக்கிறார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. கல்யாணமாகி இதே ஊரில்தான் குடியிருக்கிறேன். என் அக்கம்பக்கத்தார் தங்கமான மனுஷர்கள். ஆனாலும் கடைத்தெருவில் எவனாவது எவனையாவது அப்படிக் கூப்பிடுவது காதில் விழுந்துவிட்டால், கையில் இருக்கிற காய்கறிப் பையை அவன் மூஞ்சியில் வீசலாமா என்று வரும். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் இப்படிக் கோபப்படலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். சாமி பெயருக்குத்தானே கோபப்படுகிறேன் என்பேன்.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. நாங்கள் வள்ளியூர்ப் பக்கம் இருந்தோம். அப்பா இங்கே கட்டடங்களில் சென்ட்ரிங் பலகை அடிக்கிற வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வரும்போதெல்லாம் தம்பி நீர்யானையைப் பற்றியே கேட்பான். "அது வாயத் தெறந்தா நீ உள்ள பாய் விரிச்சுப் படுத்துக்கிடலாம்ல" என்று ஆசை காட்டியவர் அப்பாதான். கடைசியில் ஒரு சனி, ஞாயிறு எங்களை வரச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் போயிருந்ததால் அவர்கள் அறையில் தங்கிக்கொள்ள இடம் இருந்தது.

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் அப்பா வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக நின்றிருந்தார். மாப்பிள்ளை போல இருந்தார். தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது, பின்னால் மூட்டை தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், வழியை விடச் சொல்லி, "மாறி நில்லெடா பாண்டி!" என்று சத்தம் போட்டார். எனக்கு ஒரே ஆச்சரியம். "அப்பா, அவருக்கு ஒங்க பேரு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அப்பா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என்ன இப்படிக் கேட்டுட்ட? இந்த ஊர்ல அப்பாவத் தெரியாத ஆளு யாரு இருக்கா?"

அவ்வளவுதான். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோக்காரர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாயாக்கடையில் கல்லாவில் இருந்தவர் எங்களைப் பார்த்ததுமே, "பாண்டிகளொக்கெ வந்நல்லோ" என்றார். பாண்டிகள் எல்லாரும் வந்தாச்சே என்கிறார், பாண்டியின் பிள்ளைகள் என்பதால் எங்களையும் சேர்த்துச் சொல்கிறார் என்று நான் தம்பிக்கு விளக்கம் கொடுத்தேன். எங்கள் ஊர்த் தலையாரிக்குக்கூட இப்படி ஒரு மதிப்பு கிடையாது. அம்மா மட்டும் இட்லியைப் பிய்த்தபடியே, வாயில் வைக்காமல் இருந்தாள்.

மிருகக்காட்சி சாலையில் நீர்யானைக்கு முன்னால் நல்ல கூட்டம். தம்பி ஆட்கள் காலுக்கு நடுவில் நுழைந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அங்கே குடும்பத்தோடு நின்றிருந்த ஒரு ஆள், கண்ணாடி போட்டவர், பெரிய உத்தியோகம் போலிருந்தது, தன் பிள்ளைக்கு மறைக்கிறது என்று தம்பியைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளி, "இவிடெயும் பாண்டியோ?" என்றார். தம்பி விழப் பார்த்தவன், நிமிர்ந்து நின்று, நெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்தினான்.

"ஆமா, பாண்டிதான்! அது எங்கப்பா! ஒங்களுக்கும் எங்கப்பாவத் தெரியுமா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சந்தோஷத்தில் சிரித்தேன்.

அம்மா வந்த வேகத்தில் ஒரு பாட்டியின் குடை கீழே விழுந்தது. தம்பியை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு நேராக விரலை நீட்டினாள். "எங்க சாமி பேருய்யா அது! பச்சப்புள்ளயத் தள்ளிவிட்டுட்டு என்னய்யா கேலி? ஒம்பேரு என்ன, சொல்லு. நானும் நாலு பேரு முன்னால சொல்லிச் சிரிக்கேன்!"

அப்பா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "ஏளா, விடு. பிள்ளைக பாக்குது."

"பாக்கட்டும்! நீங்க ஏன் இளிச்சுக்கிட்டு நிக்கிய? காலையில இருந்து நானும் கேட்டுக்கிட்டுதான வாரேன்."

அப்பா அவளை விட்டுவிட்டு அந்த ஆளிடம் போனார். கை கூப்பியபடி, தணிந்த குரலில் மலையாளத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அன்றைக்கு மலையாளம் தெரியாது. என்றெ பேரு, பாண்டி, பிள்ளேருடெ விசாரம், இந்நொரு திவசம் என்று அங்கங்கே காதில் விழுந்தது. விசாரம் என்றதும், அந்த ஆளின் பிள்ளைகளை அப்பா நலம் விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நகர்ந்து, கம்பியோரத்தில் தம்பிக்கு இடம் விட்டார். அந்த நேரம் பார்த்து நீர்யானை வாயைத் திறந்தது. தம்பி கூச்சல் போட்டான். எங்கப்பா ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஊரில் பெரிய உத்தியோகக்காரர்கூட வழிவிடுகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "இப்பவே வண்டி ஏத்தி விடுங்க. எனக்கு இந்த ஊரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நாளைக்கி வரைக்கும் பொறுத்துக்கோளா. பிள்ளைக கடலு பாக்கட்டும்" என்று கெஞ்சினார். அப்பா கெஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷனுக்கு ஊரில் இருக்கிற செல்வாக்கைப் பொறுக்க முடியாத பொம்பளை என்று மனதுக்குள் திட்டினேன். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் அவள் தந்த புளிச்சோற்றை வேண்டாம் என்று தள்ளினேன். மறுநாள் பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கே பாம்பணையில் படுத்திருக்கிற பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். மூன்று வாசலிலும் அம்மா உதடு துடிக்க ஏதோ முறையிட்டாள். நான் அவள் கையைப் பிடிக்காமல் தள்ளியே நின்றேன்.

பிறகு நான் இந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த புதிதில் தெருக்குழாயடியில், என் பக்கத்து வீட்டு அக்கா தன் மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ராஜாவாணெந்நா அவன்றெ விசாரம்" என்றாள். ராஜா என்று அவனுக்கு நினைப்பாம். நலம் விசாரிப்பது இல்லை. விசாரம் என்றால் இங்கே நினைப்பு. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். அப்பா கை கூப்பிச் சொன்னது முழுவதும் அங்கே வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

"சாரே, என் பெயரே பாண்டிதான். ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்று பிள்ளைகளுக்கு நினைப்பு. இன்றைக்கு ஒரு நாள் அதைக் கெடுத்துவிடாதீர்கள்."

அந்த ஆள் நகர்ந்து இடம் விட்டாரே, அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்று வரை மனசு வரவில்லை. பெருமாள் என்னை மன்னிக்கட்டும். இன்றைக்கு ஒரு நாள் என்றுதான் அப்பா கேட்டிருக்கிறார். நாங்கள் உடன் இல்லாத மற்ற நாட்களில், சாரத்தின் மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த என் அப்பாவை யாரெல்லாம் கீழிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.