லால்குடி அண்ணன்

சென்ற மாதம் பதினேழாம் தேதி, மாலை நாலே முக்கால். ஸ்ரீரங்கத்தில் காற்றே இல்லை. வெயில் மட்டும் இருந்தது. என் மனைவி கமலா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து அவளுக்குக் காதல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வயதில் இதுவும் என் தலையில் எழுதியிருக்கிறது.

கமலாவுக்கு விழித்திரை விலகி, ஆபரேஷன். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, ஏழு நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது.

"தலையைத் தூக்கினா திரும்ப ஆபரேஷன்தான் சார். பார்வைக்கும் கேரண்டி கிடையாது" என்றார் டாக்டர். அதை அவளிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னார்?

கமலா பத்து நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். பெங்களூரிலிருந்து மகள்தான் வழி சொன்னாள். "நம்ம ஸ்ரீரங்கத்துல எடுத்த சீரிஸ் ஒண்ணு வந்திருக்குப்பா. ஆறே எபிசோட். நீங்க பார்த்து அம்மாவுக்குச் சொல்லுங்க."

ஒரு மாதச் சந்தா கட்டினேன்.

முதல் எபிசோட். காவிரி. படித்துறை. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன். "என்ன அழகு! இவ்வளவு வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததே இல்லை" என்றேன்.

"அப்படியா?" கமலாவின் தலை எழுந்தது.

"கீழே... கீழே" என்று கத்தினேன்.

ஆக, காட்சியைச் சொன்னால் கண் போய்விடும். சரி, கதையைச் சொல்லலாம் என்றால் – கதை எங்கே? அவனும் அவளும் ஆற்றைப் பார்க்கிறார்கள். பாட்டு. மறுபடி ஆற்றைப் பார்க்கிறார்கள். பதினோரு தடவை. திடீரென்று அவள் அழுகிறாள். ஊரெல்லாம் மூடுபனி. ஸ்ரீரங்கத்தில் இவ்வளவு மூடுபனியா? நான் மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறேன்.

"ஏன் அழறா?"

"தெரியலை."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

இரண்டாம் எபிசோடில் அவனைப் பிரிந்து, திருச்சி ஜங்ஷனில் ரயிலேறுவதாகச் சொல்லிக் கிளம்புகிறாள். "ஆட்டோ கொள்ளிடம் பாலத்துல போகுது" என்றேன்.

"ஜங்ஷனுக்குக் காவிரிப் பாலத்துலல்ல போகணும்? கொள்ளிடம் எதிர்ப் பக்கமாச்சே. சரியாப் பாருங்க... நகருங்க, நானே பார்க்கிறேன்."

தலை மறுபடி எழப் பார்த்தது. டைரக்டருக்குக் கொள்ளிடம் அழகாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் வாயில் எப்படி வந்ததோ –

"கொள்ளிடம் தாண்டி லால்குடியில அவ அண்ணன் இருக்கான். அங்க போறா."

தலை கீழே போனது. "அண்ணனுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையா?"

"பிடிக்கலை. நிலத் தகராறு வேற."

பிழைத்தேன். அதன் பிறகு டி.வி.யில் மூடுபனி; கட்டிலுக்கு அண்ணன். தங்கச்சி பங்கு வயலையும் சேர்த்து உழுது சாப்பிடுகிறவன். ஆனால் அவள் அழுதால் சோறு இறங்காது. "உருப்படுவானா அவன்?" என்று கமலா தலையணையைப் பார்த்துத் திட்டினாள். தலை மட்டும் எழவில்லை.

காட்சி எட்டிப் பார்க்கச் சொல்கிறது. கதை கிடந்த இடத்திலேயே கிடக்க வைக்கிறது. இந்த வயதில் இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

எட்டாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கும்மா" என்றார். நான்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

போன வாரம் டி.வி. பார்க்க அனுமதி கிடைத்தது. சந்தா முடிந்திருந்தது; மறுபடி கட்டச் சொன்னாள். ஆட்டோ கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலம் முடிந்தது. நேரே ஜங்ஷன் வந்தது. ஆறு எபிசோடையும் பார்த்து முடித்தாள்.

"அண்ணன் எங்கங்க?"

"எடிட்டிங்ல போயிருப்பான்."

இரண்டு கண்ணாலும் என்னையே பார்த்தாள். "கடைசியில அந்த வயலைத் தங்கச்சிக்குக் கொடுத்தானா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே நீங்க."

எனக்கே தெரியவில்லை. நல்லவனா, கெட்டவனா... நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தா, இரண்டு மாதத்துக்கு, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய். அண்ணன் இலவசம்.