மாமன் வராத படம்

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இப்போது செல்போனில் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ‘மண் மணம், மண் மணம்’ என்று எழுதுகிறார்கள். அதில் வரும் கதிரறுப்பைப் பார்த்து உருகுகிறார்களாம். அறுத்தவளுக்கு இடுப்புவலிதான் ஞாபகம் வரும். வந்த காலத்தில் அந்தப் படம் புதுக்கோட்டையில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. சண்டை இல்லை, டூயட் இல்லை, அழுகிறவள்கூடச் சத்தம் போட்டு அழவில்லை என்று குறை. மூக்கைச் சிந்த வசதி செய்து கொடுத்தால்தான் நம் ஜனத்துக்கு அது குடும்பப் படம். தூ!

எனக்கு அதில் உயிர், காதுகுத்துக் காட்சி. கோயில் வாசலில் பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைக் காணோம். ஏதோ வரப்புத் தகராறு. தாய்க்காரி ரோட்டையே பார்க்கிறாள். பிள்ளை பொரி கேட்டுச் சிணுங்குகிறது. பின்னணி இசை என்று ஒன்றும் கிடையாது. கடைசியில், வண்டி ஓட்டி வந்தவரைக் கூப்பிடுகிறாள். அவர் உட்கார்ந்து, தன் துண்டை மடியில் விரித்து, அதன்மேல்தான் பிள்ளையை வாங்கிக்கொள்கிறார். அது தனக்கு உரிய இடமில்லை என்று அந்த மனுஷனுக்குக் கூச்சம். அந்தத் துண்டை விரிக்கச் சொன்ன டைரக்டர் காலில் விழலாம்.

என் மகள் காதுகுத்துக்கும் என் அண்ணன் வரவில்லை. வரப்புத் தகராறாக இருந்திருந்தாலாவது ஒரு மரியாதை. இலுப்பூரிலிருந்து பத்திரிகை வைக்கக் கிளம்பிய நாங்கள், வழியில் புதுக்கோட்டையில் இருக்கிற சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஆவுடையார்கோவிலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனோம். தாய்மாமனுக்கு இரண்டாவது பத்திரிகையா என்று துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. பஸ் புதுக்கோட்டை வழியாகத்தான் போகும், அதற்கு நான் என்ன செய்ய? காதுகுத்து அன்றைக்கு, டூட்டிக்குப் போகிற வழியில் தலையைக் காட்ட வந்த பக்கத்து வீட்டுக் கண்டக்டர்தான் காக்கிச் சட்டையோடு மடி கொடுத்தார். இரவல் வாங்கிய பாத்திரத்தைப் போல அவ்வளவு பத்திரமாகப் பிள்ளையைப் பிடித்திருந்தார்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனே வந்து இறங்கினார்.

“ஏத்தா, இந்தத் தடவையாச்சும் மொதப் பத்திரிக்கைய எனக்கு வைக்கணும், ஆமா. சபையில எனக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்ல?”

காதுகுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால், மாலையை அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். கூடப்பிறந்த பாசம் என்பது அப்படி ஒரு பாழாய்ப்போன வியாதி.

டிவியில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன், மனசு வரவில்லை. காப்பி போட்டு எடுத்து வந்தால், அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதே காதுகுத்து. இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

“ச்சே! பச்சப்புள்ளயப் பரிதவிக்க விட்டுட்டானே பாவி. இப்படியும் ஒரு அண்ணன் இருப்பானாத்தா?”

“இருப்பாண்ணே,” என்றேன். “காப்பி ஆறுது, குடிங்க.”

குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றார். அழுகை என்னவோ நிஜம்தான், துண்டு நனைந்திருந்தது. என்ன ஜென்மமோ! நல்ல படம் மனுஷனைத் திருத்தும் என்று மேடையில் முழங்குகிறவர்களை என் வீட்டு சோபாவில் கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “மொதப் பத்திரிக்க, மறந்துறாத,” என்றார்.

மறக்கவில்லை. குலசாமிக்கு வைத்ததுபோக, மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அதற்கு பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

“புள்ளைக்கு மாலைய நீங்கதாண்ணே போடணும்,” என்றேன்.

வாங்குவதற்கு முன்னால் அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை.