டைட்டாப் போடுங்க

தோப்பில் ஓட்டும் நாலு சக்கர பைக்கின் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட, ரீபோருக்குக் கொடுத்திருந்தேன். கருகிய டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாடை பட்டறை முழுக்க அடித்தது.

"ஏனுங்க, பிஸ்டனை டைட்டா வெச்சரட்டுங்களா?" என்றார் பட்டறைக்காரர்.

என் ஏழு வயதில் அப்பாவும் தன் பைக்குக்கு, "டைட்டாப் போடுங்க, அப்பத்தான் ரொம்ப நாளைக்கு உழைக்கும்" என்று அடம்பிடித்தார். சூடேறினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்ளும் என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை.

அதே வாரம் அம்மாவைப் பாம்பு கடித்தது. அப்பா எங்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு உடுமலை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பாதி வழியில் பிஸ்டன் ஜாமாகி வண்டி நின்றது. ஆறினால்தான் கிளம்பும். அப்பா துண்டால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். ரோட்டோரத்தில் நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். எஞ்சின் ஆறுமுன்னே அந்தக் கை சில்லிட்டுவிட்டது.

"கொஞ்சம் லூசாவே போடுங்க" என்றேன்.

"சீக்கிரம் தேஞ்சுபோயிருமுங்க."

"தேஞ்சா தேயட்டுங்க."