அக்கா வண்டியின் ஸ்டியரிங்

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என்னைப் படிக்க வைத்தது அக்கா ஓட்டும் வாடகை டாக்ஸி. அதன் ஸ்டியரிங் கொஞ்ச நாளாகத் தானாகவே இறங்கி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்குள் சரியாகாவிட்டால் வண்டியின் முதலாளி அதை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிடுவார்.

நான் வேலை செய்யும் பட்டறைக்கே கொண்டுவந்தாள். ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் மோட்டார், ஃபியூஸ், ஒயர் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"என்னடா இன்ஜினியரு, முழிக்கிற?"

"தினமும் எப்படி ஏறுவியோ, அப்படியே ஏறி உக்காருக்கா."

ஏறினாள். சாப்பாட்டுப் பையை எடுத்து, அந்த மோட்டாரை இயக்கும் குட்டி லிவரில் மாட்டினாள். பையின் கனத்தில் லிவர் அழுந்த, ஸ்டியரிங் சமர்த்தாகக் கீழே இறங்கியது.

"அடிப்பாவி அக்கா! அதென்ன ஆணியா?"

"பை மாட்டத்தானே நீட்டிக்கிட்டு இருக்கு?"

சிரித்து ஓய்ந்தபின்தான் கவனித்தேன். அது நான் கல்லூரிக்குக் கொண்டுபோன பை. அறுந்த வாரைத் தைத்து வைத்திருந்தாள்.

இருக்கையின் பின்னால் கெட்டியான கொக்கி ஒன்றைத் திருகி, பையை நானே அதில் மாட்டினேன். வண்டி இன்றும் அக்காவிடம்தான் இருக்கிறது. படித்த படிப்புக்கு இதைவிட நல்ல வேலை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.